வேலி காக்குமா, மேயுமா?



உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்ற நாட்காட்டியை ஒரு முறை உற்றுப் பாருங்கள். தொழுகை நேரங்களும் ஹிஜ்ரி மாதங்களும் அச்சிடப்பெற்ற அந்தத் தாள்கள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சேறியவையாகவே இருக்கும். அவற்றை அச்சிட்ட ஆப்செட் இயந்திரம் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்திருக்கக்கூடும். உங்கள் அடுக்களையில் ஊறுகின்ற உளுந்து மியான்மர் நாட்டில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, விருதுநகர்ச் சந்தை வழியாக உங்கள் ஊர்க் கடைக்கு வந்திருக்கக்கூடும். வீட்டுச் செலவுக்கு மாதந்தோறும் வருகின்ற பணமோ, ரியாத்திலோ துபாயிலோ உழைக்கின்ற உங்கள் பிள்ளையின் வியர்வை.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவற்றின் விலையையும் மதிப்பையும் ஏற்றி இறக்குகின்ற கயிறு அமெரிக்க டாலரின் கையில் இருக்கின்றது. சவூதி அரேபியா 1986ஆம் ஆண்டு முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்றே தன் நாணயத்தைக் கட்டி வைத்திருக்கின்றது. ஆகவே டாலர் ஏறினால் ரியாலும் ஏறும். மகன் அனுப்பும் பணம் ரூபாயில் கூடும். அதே நாளில் உளுந்து மூட்டையின் விலையும் கூடும். ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொள்ளும்.

சிவகாசியின் பட்டாசு பெரும்பாலும் உள்நாட்டிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகின்றது. அதனால் அத்தொழிலுக்கு டாலர் கவலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மத்தாப்பில் வெண்பொறி சிந்துகின்ற அலுமினியத் தூளின் மூல உலோகத்துக்கு உலகளவில் விலை பேசப்படுவது லண்டன் உலோகச் சந்தையில், அதுவும் டாலரில். உள்ளூர்த் தீபாவளிக்குச் செய்யும் வெடியிலும் அந்நிய நாணயத்தின் நிழல் விழுந்தே கிடக்கின்றது.

ரூபாய் நடந்து வந்த பாதை

1991 ஜூலையில் இந்திய அரசு ரூபாயின் மதிப்பை இரு தவணைகளில் குறைத்தது. ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாய்க்குச் சென்றது. 1993 முதல் சந்தையே விலையை முடிவு செய்யும் முறை வந்தது. அதன் பின் ரூபாய் சரிந்துகொண்டே வந்தது என்று பலரும் நினைக்கின்றோம். ஆனால் அது நேர்கோட்டில் சரியவில்லை. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு விற்ற டாலர், அந்த ஆண்டின் இறுதியில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டு, 2008இன் இறுதிக்குள், 50 ரூபாயைத் தொட்டு மீண்டது. 2013 ஆகஸ்டில் 68ஐத் தாண்டியது. 2022 அக்டோபரில் 83ஐயும், 2025 டிசம்பரில் 90ஐயும் கடந்தது.

ஏற்றமோ இறக்கமோ, அது எந்தத் திசையில் வரும் என்று முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. அறியாமையிலிருந்து வருகின்ற இந்த இடரைத் தாங்குவதற்காக உலக வணிகம் கண்டுபிடித்த ஏற்பாட்டைத்தான் ஆங்கிலேயர் ‘ஹெட்ஜ்’ என்கின்றனர். அச்சொல்லின் நேர்ப்பொருள் வேலி என்பதாகும். வயலைச் சுற்றி நாம் அடைக்கின்றோமே, அதே வேலி.

ஓர் அச்சகத்தின் கணக்கு

சிவகாசியில் ஓர் அச்சகத்தார் ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குக் குறிப்பேடுகள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்கே. விலை ஒரு லட்சம் டாலர். பணம் வருவது மூன்று மாதம் கழித்து. கணக்கு எளிதாக இருக்க, இன்றைய டாலர் விலையை 80 ரூபாய் என்று கொள்வோம். தாள், மை, கூலி, கப்பல் கட்டணம் எல்லாம் சேர்த்து 76 லட்சம் ரூபாய் செலவு. ஆக, இலாபம் 4 லட்சம்.

மூன்று மாதத்தில் டாலர் 76 ரூபாய்க்கு இறங்கிவிட்டால்? வேலை நன்றாகச் செய்தும், சரக்கு குறையின்றிப் போய்ச் சேர்ந்தும், அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. டாலர் 84 ஆனால் இலாபம் இரு மடங்காகும். அதுவும் அவருடைய உழைப்பால் வந்ததன்று.

இப்போது அவர் வங்கிக்குச் செல்கின்றார். மூன்று மாதம் கழித்து வரவிருக்கும் ஒரு லட்சம் டாலரை, இன்றே பேசி முடித்த விலைக்கு விற்க ஒப்புக்கொள்கின்றார். நம் சந்தைகளில் முன்பேரம் என்று சொல்வது இதைத்தான். வங்கி 80 ரூபாய் 40 காசு தருவதாகச் சொல்லலாம். சோதிடம் பார்த்து அந்த விலையைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, இந்தியாவில் 6 விழுக்காடு என்றால், இடையிலுள்ள 2 விழுக்காட்டில் மூன்று மாதப் பங்கு அரை விழுக்காடு. 80 ரூபாய்க்கு அது 40 காசு. அவ்வளவே. இனி டாலர் எங்கே போனாலும் அச்சகத்தாரின் கையில் 80 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் நிச்சயம். 84க்கு ஏறினால் கிடைத்திருக்கக்கூடிய இலாபத்தை அவர் விட்டுக்கொடுத்திருக்கின்றார். அதற்கு ஈடாக நிம்மதியைப் பெற்றிருக்கின்றார்.

இன்னொரு வழியும் உண்டு. ‘ஆப்ஷன்’ என்பது அதன் பெயர். டாலருக்கு 80 காசு வீதம் 80 ஆயிரம் ரூபாயை முன்பணமாகக் கட்டினால், மூன்று மாதம் கழித்து 80 ரூபாய்க்கு விற்கும் உரிமை அவருக்குக் கிடைக்கின்றது, கட்டாயம் இல்லை. டாலர் 76க்கு இறங்கினால் அந்த உரிமையைப் பயன்படுத்துவார். முன்பணம் போக இலாபம் 3 லட்சத்து 20 ஆயிரம். டாலர் 84க்கு ஏறினால் உரிமையைக் கைவிட்டுச் சந்தையிலேயே விற்பார். இலாபம் 7 லட்சத்து 20 ஆயிரம். வீடு வாங்க அச்சாரம் கொடுத்தவர், பின்னர் வேண்டாம் என்றால் அச்சாரத்தை மட்டும் இழப்பதைப் போன்றது இது.

வேறொன்றின் விலையைச் சார்ந்து தம் மதிப்பைப் பெறுகின்ற இத்தகைய ஒப்பந்தங்களைத்தான் ‘டெரிவேட்டிவ்’ என்கின்றனர். நாம் சார்பு ஒப்பந்தம் என்று அழைப்போம்.

பெரிய நிறுவனங்கள் செய்வது என்ன?

பல நாடுகளில் கிளை பரப்பிய பன்னாட்டு நிறுவனம் எடுத்த எடுப்பில் வங்கியிடம் ஒப்பந்தம் பேச ஓடுவதில்லை. முதலில் தன் வீட்டுக் கணக்கைத் தானே நேர் செய்கின்றது. ஒரு கிளைக்கு வரவேண்டிய டாலரையும் இன்னொரு கிளை கொடுக்கவேண்டிய டாலரையும் எதிரெதிரே வைத்துக் கழிக்கின்றது. எந்த நாணயத்தில் வருமானம் வருகின்றதோ, அதே நாணயத்தில் கடனும் செலவும் இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றது. இவ்வளவும் போக எஞ்சுகின்ற தொகைக்கு மட்டுமே ஒப்பந்தம் தேடுகின்றது. அதையும் ஒரே நாளில் முழுவதுமாகச் செய்வதில்லை. சிறுகச் சிறுகப் பல தவணைகளாகச் செய்கின்றது.

வரலாற்றில் பேர்பெற்ற ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் ஐபிஎம் கணினி நிறுவனம் சுவிஸ் பிராங்கிலும் ஜெர்மன் மார்க்கிலும் கடன் வாங்கியிருந்தது. அதற்கு வேண்டியது டாலர்க் கடன். உலக வங்கிக்கோ வட்டி குறைந்த அந்த இரு நாணயங்களிலும் கடன் தேவைப்பட்டது. 1981ஆம் ஆண்டு இரண்டும் தத்தம் கடன் பொறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன. ‘ஸ்வாப்’ எனப்படும் நாணயப் பரிமாற்ற ஒப்பந்தங்கள் உலகெங்கும் பரவ வழி திறந்தது இதுதான். இரு தரப்புக்கும் உண்மையான தேவை இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

வேலியே அடைக்காதவரின் கதையும் உண்டு. பிரிட்டனில் குறைந்த கட்டணத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்க வைத்துப் புகழ் பெற்ற லேக்கர் விமான நிறுவனம், விமானங்களை டாலர்க் கடனில் வாங்கியது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி பவுனில் வந்தது. 1980இல் 2.30 டாலருக்கு மேல் மதிப்புப் பெற்றிருந்த பவுன், 1982இன் தொடக்கத்தில் 1.90 டாலருக்கும் கீழே சரிந்தது. பொருளாதார மந்தமும் போட்டியும் ஒருபுறம் நெருக்க, கடன் சுமை மறுபுறம் ஏற, 1982 பிப்ரவரியில் அந்த நிறுவனம் வீழ்ந்தது.

ஆக, வேலி தேவைதான். ஆனால் நம் முன்னோர் ஒரு பழமொழியையும் விட்டுச் சென்றிருக்கின்றனர்: வேலியே பயிரை மேய்ந்தால்?

தமிழகம் கண்ட பாடம்

2007ஆம் ஆண்டு ரூபாய் வலுவடைந்தபோது திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் கலங்கிப்போனார்கள். ஒவ்வொரு டாலரிலும் நான்கு ஐந்து ரூபாய் குறைந்தது. அந்த வேளையில் வங்கிகள் சில, புதுமையான ஒப்பந்தங்களை அவர்கள் முன் வைத்தன. முன்பணம் கட்ட வேண்டாம். டாலர் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொடாதவரை வங்கியே பணம் தரும் என்பது பேச்சு. அந்த எல்லைகள் பலவும் டாலருக்கும் ரூபாய்க்கும் இடையிலானவை அல்ல. டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், அல்லது ஜப்பானிய யென்னுக்கும் இடையிலானவை.

பனியன் விற்று டாலர் வாங்குபவருக்கு சுவிஸ் பிராங்கில் என்ன வேலை? இந்தக் கேள்வியை அன்று கேட்டவர் சிலரே. பல ஆண்டுகளாகத் தொடாத எல்லை, இனியும் தொடாது என்ற நம்பிக்கையில் பலர் கையெழுத்திட்டனர். 2008 மார்ச்சில் வரலாற்றில் முதன்முறையாக ஒரு டாலர் ஒரு சுவிஸ் பிராங்குக்கும் கீழே இறங்கியது. வரவேண்டிய இலாபம் சில லட்சம். கொடுக்கவேண்டிய நட்டமோ கோடிகள். வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன.

அவற்றுள் ஒன்று நாடறிந்த வழக்கு. கோவையைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சர்க்கரை ஆலை நிறுவனம், ஆக்சிஸ் வங்கியோடு 2007 ஜூனில் செய்துகொண்ட டாலர்–பிராங்கு ஒப்பந்தம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. இதுவும் ஒரு பந்தயமே என்பது அந்த நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. 2008 அக்டோபரில் நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன் அளித்த விரிவான தீர்ப்பில் அந்த வாதம் ஏற்கப்படவில்லை. அறிந்து செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தை, நட்டம் வந்த பிறகு பந்தயம் என்று கூறி விலகிவிட முடியாது என்பதே வணிகர்கள் அதிலிருந்து பெற்ற பாடம்.

பாரத ரிசர்வ் வங்கி, சார்பு ஒப்பந்தம் விற்கும் முன் அது வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதா என்று வங்கிகள் பார்க்க வேண்டும் என 2007 ஏப்ரலிலேயே நெறிமுறை வகுத்திருந்தது. 2011 ஏப்ரலில், சார்பு ஒப்பந்த விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அது அபராதம் விதித்தது. அபராதத் தொகை வங்கி ஒன்றுக்குச் சில லட்சங்களே. இழந்தவர்களின் தொழிலையும் அடமானம் வைத்த வீட்டையும் அது மீட்டுத் தரவில்லை.

எது வேலி, எது சூது?

இரண்டுக்கும் காகிதம் ஒன்று, கையெழுத்து ஒன்று, வங்கியும் ஒன்றே. பின் எவ்வாறு பிரித்தறிவது? வயல் இருந்தால்தான் வேலி. உங்களுக்கு வரவேண்டிய அல்லது நீங்கள் தரவேண்டிய பணம் உண்மையில் இருந்து, அதே நாணயத்தில், அதே அளவுக்கு, அதே தவணைக்கு நீங்கள் ஒப்பந்தம் செய்தால், ஒப்பந்தத்தில் வரும் நட்டத்தை வணிகத்தில் வரும் ஆதாயம் ஈடு செய்துவிடும். பத்து லட்சம் டாலர் வரவுள்ளவர் முப்பது லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தால், இருபது லட்சம் சூதாட்டமே. சர்க்கரை விற்பவர் சுவிஸ் பிராங்கின் போக்கைப் பேரம் பேசினால், அங்கே காக்க வேண்டிய வயலே இல்லை.

இந்தக் கோட்டை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. 2008 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தையில் நாணய முன்பேர வணிகம் தொடங்கிய பின், எந்தத் தொழிலும் இல்லாதவர்களும் அதில் பந்தயம் கட்டத் தொடங்கினர். உண்மையான அந்நியச் செலாவணித் தேவை உள்ளவர்களே அதில் ஈடுபட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024ஆம் ஆண்டு வலியுறுத்தியது. அதனை அடுத்து அச்சந்தையின் வணிகம் வெகுவாகச் சுருங்கியது. அதுவரை அங்கே நடந்ததில் எவ்வளவு வேலி, எவ்வளவு சூது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கம் கூறும் எல்லை

நம் இல்லங்களில் எழுகின்ற இன்னொரு கேள்வியும் உண்டு. இத்தகைய ஒப்பந்தங்கள் ஷரீஅத்தின் பார்வையில் ஆகுமானவையா? நாணயத்தை நாணயத்துக்கு மாற்றுகையில் இரு தரப்பும் அதே அமர்வில் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹு சட்டத்தின் அடிப்படை. ஆகவே, இரு தரப்பையும் கட்டுப்படுத்துகின்ற தவணை முன்பேரத்தை இக்கால அறிஞர்களுள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. சந்தையில் விற்கப்படும் ஆப்ஷன்கள் ஆகுமானவை அல்ல என்று ஜித்தாவில் 1992ஆம் ஆண்டு கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது.

அதே வேளையில், உண்மையான வணிக இடரிலிருந்து செல்வத்தைக் காப்பது தவறென்று அறிஞர்கள் கூறவில்லை. ஒரு தரப்பு மட்டும் வாக்குறுதி அளிக்கின்ற ‘வஅத்’ முறையின் அடிப்படையில் மாற்று வழிகளை வகுத்தனர். 2010 மார்ச்சில் பஹ்ரைனில் ‘தஹவ்வுத்’ என்ற பொது ஒப்பந்த வரைவு வெளியிடப்பட்டது. பேணுதலைக் குறிக்கும் ‘இஹ்தியாத்’ என்ற சொல்லும், சுவரைக் குறிக்கும் ‘ஹாயித்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தவையே. அரபு மொழியிலும் இது வேலியாகவே வந்து நிற்பதைப் பாருங்கள்! மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ள இஸ்லாமிய வங்கிகளில் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லை.

அதனால் நமக்கு வழியே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் முதற்படியாகச் செய்கின்றவை எவையென்று மேலே கண்டோம் அல்லவா? அவற்றில் பெரும்பகுதிக்கு ஒப்பந்தமே தேவையில்லை. ஏற்றுமதியில் வந்த டாலரை உடனே ரூபாயாக மாற்றாமல், இறக்குமதிச் செலவுக்காகச் சில காலம் டாலராகவே வைத்திருக்க ஏற்றுமதியாளர்களுக்கென்று தனிக் கணக்கை ரிசர்வ் வங்கி அனுமதிக்கின்றது. அது வட்டியில்லாத நடப்புக் கணக்கு என்பது நமக்குக் கூடுதல் நன்மை. நாட்காட்டி ஏற்றுமதி செய்பவர் தாளை இறக்குமதி செய்தால், ஒன்றின் டாலர் மற்றொன்றுக்குக் கொடுக்கப் போதும். 2022 ஜூலை முதல், இசைகின்ற நாடுகளோடு ரூபாயிலேயே விலை பேசி வணிகம் செய்யவும் ரிசர்வ் வங்கி வழி திறந்துள்ளது. தவணையைக் குறைப்பதும், பாதிப் பணத்தை முன்கூட்டிப் பெறுவதும், டாலர் இத்தனை ரூபாய்க்கு மேல் மாறினால் விலையைத் திருத்திக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் பழைய வழிகள். ஆனால் பலன் தருபவை. இவற்றுக்கும் மேலே ஒப்பந்தம் தேவைப்பட்டால், கணக்கறிந்தவரிடமும் மார்க்கம் அறிந்த ஆலிமிடமும், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

கையெழுத்திடும் முன்

தொழில் செய்யும் சகோதரர்களே! வங்கி அலுவலர் உங்கள் முன் ஓர் ஒப்பந்தத்தை வைக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது என் வணிகத்தின் நாணயமா? இதன் தொகை என் பில்லின் தொகைக்குள் அடங்குகின்றதா? மிக மோசமான நிலையில் நான் இழப்பது எவ்வளவு என்பதை எழுத்தில் தருவீர்களா? முன்பணம் வேண்டாம் என்கின்றீர்களே, அப்படியானால் உங்கள் இலாபம் எங்கிருந்து வருகின்றது?

ஐந்தாவது சோதனை வீட்டில் நடக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தைப் பற்றி உங்கள் துணைவியாருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் எளிய தமிழில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். சிறு தொழில்களில் வங்கிக்கு ஈடாக நிற்பது பல நேரங்களில் குடும்பம் குடியிருக்கும் வீடுதான். அந்த வீட்டில் வாழ்பவர்களுக்கு விளக்க முடியாத ஒன்றில் கையெழுத்திடும் உரிமை வீட்டுத் தலைவருக்கும் இல்லை.

சகோதரிகளே! உங்கள் வீட்டார் இதைப் பற்றிப் பேசத் தயங்கினால் நீங்களே கேளுங்கள். பில் எங்கே, தொகை எவ்வளவு, தவணை எப்போது என்ற மூன்றையும் கேட்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மாதச் செலவைக் கட்டுக்குள் வைத்துக் குடும்பம் நடத்துகின்ற உங்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

சுவரில் தொங்குகின்ற நாட்காட்டியில் நாளைய தேதி அச்சாகித்தான் இருக்கின்றது. நாளைய டாலர் விலை எந்தத் தாளிலும் அச்சாகவில்லை. அதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அறியாத ஒன்றிலிருந்து நம் உழைப்பைக் காத்துக்கொள்வது அறிவுடைமை. அறியாத ஒன்றின் மீது வீட்டைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது. வேலி அடையுங்கள், வயலின் அளவுக்கே அடையுங்கள்!